வாசலை மிதியாதோர்க்கும் பட்டம்

இலண்டன் மாநகரின் புளூம்ஸ்பரிப் பகுதியிலே, பிரித்தானிய நூதனசாலைக்குப் பின்னால், வெண்ணிறக் கல்லாலான உயர்ந்த கோபுரக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. சார்ள்ஸ் ஹோல்டன் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி 1930களில் எழுந்த இதற்குச் 'செனற் ஹவுஸ்' என்று பெயர். உயரம் 64 மீற்றர். இலண்டன் சர்வகலாசாலையின் தலைமையகம் இதுவே. ஆயினும் சர்வகலாசாலை முழுவதையும் இங்கே காண எண்ணி வருவோர் ஏமாந்து போவர். அது நகரெங்கும் பரந்து கிடக்கும் கல்லூரிகளின் கூட்டு.

இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கௌவர் வீதி. பெருந்தூண்கள் தாங்கும் முகப்புடன் அங்கே நிற்பது யூனிவர்சிற்றிக் கல்லூரி. அக்காலத்தில் ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆங்கிலத் திருச்சபையைச் சாராதோர் பட்டம் பெற இயலாது. அந்தத் தடையை நீக்கக் கருதியோர் 1826இல் மத நிபந்தனை எதுவுமின்றி இதனை நிறுவினர். 'கடவுளற்ற கல்லூரி' என எதிரிகள் இகழ்ந்தனர். திருச்சபை ஆதரவாளர்கள் 1829இல் கிங்ஸ் கல்லூரியைத் தோற்றுவித்தனர்.

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு? 1836ஆம் ஆண்டின் அரச பட்டயம் அப்பூசலைத் தீர்த்தது. கல்லூரிகள் கற்பிக்கும், புதிதாய்த் தோன்றிய இலண்டன் சர்வகலாசாலை பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும். கற்பிக்காத சர்வகலாசாலை! இவ்விந்தையே பெரும் நன்மைக்கு வித்தாயிற்று. 1858இல், எங்கே கற்றவராயினும் பரீட்சைக்குத் தோற்றலாம் என விதி தளர்ந்தது. 1878இல் பெண்களுக்கும் பட்டக் கதவு திறந்தது. பிரித்தானியாவில் இதுவே முதன்முறை. 1900இலேதான் அது கற்பிக்கும் சர்வகலாசாலையாகவும் மாறியது.

இலங்கையர் இதனை மறத்தல் தகாது. 1921இல் கொழும்பிலே தோன்றிய யூனிவர்சிற்றிக் கல்லூரியின் மாணவர் எழுதியதும் இலண்டன் பரீட்சையே. 1942இல் நமக்கெனச் சர்வகலாசாலை அமையும்வரை அந்நிலை நீடித்தது. கப்பலேற வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் இங்கிருந்தவாறே வெளிவாரிப் பட்டம் பெற முடிந்தது. தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே இச்சர்வகலாசாலையின் சட்டக் கல்வியைத் தொடர்ந்தார்.

இன்று உறுப்புக் கல்லூரிகள் தத்தம் நிதியையும் ஆசிரியரையும் தாமே ஆளுகின்றன. பல, தம் பெயரிலேயே பட்டமும் வழங்குகின்றன. இம்பீரியல் கல்லூரி 2007இல் கூட்டைவிட்டு விலகியது. எனினும் தொலைவிலுள்ளோர்க்கான பரீட்சைகள் இன்றும் நடைபெறுகின்றன. அந்தக் கோபுரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் நிழலையே காணாதவர்க்கும் கல்வியின் பயனைக் கிட்டச்செய்ததே அச்சர்வகலாசாலையின் உண்மையான உயர்வு.