வீட்டோடு தலைநகருக்கு

கான்பராவுக்குப் போகிறோம் என்று சிட்னியில் யாரிடம் சொன்னாலும், "அங்கே என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். அரசு அலுவலகங்களும் ரவுண்டானாக்களும் மட்டுமே உள்ள ஊர் என்பது அவர்கள் நினைப்பு. எட்டு வயது மகளும் மூன்று வயது மகனுமாகப் போய் வந்த எனக்கோ, பிள்ளைகளுக்கென்றே கட்டிய ஊரோ என்று தோன்றுகிறது.

வாடகைக்கு ஒரு மோட்டார்ஹோம் எடுத்தோம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. வீடியோ காலில் சுற்றிக் காட்டியதும் ஜெயங்கொண்டத்திலிருந்து மாமியார் கேட்டார்: "ஏம்மா, சினிமாக்காரங்க உக்கார்ற வண்டிதானே இது?" ஓடும் வண்டியில் மெத்தைமேல் உருளலாம் என்று சின்னவன் கனவு கண்டிருந்தான். அவனைக் குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்படி வண்டி எடுப்பவர்கள், படுக்கை எத்தனை என்று கேட்கும் முன் குழந்தை இருக்கை மாட்ட எத்தனை இடம் என்று கேளுங்கள்.

சிட்னியிலிருந்து 280 கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரமே ஒரு சண்டையில் பிறந்ததுதான். தலைநகர் எனக்குத்தான் என்று சிட்னியும் மெல்போர்னும் மல்லுக்கு நின்றதால், நியூ சவுத் வேல்ஸுக்குள், ஆனால் சிட்னியிலிருந்து நூறு மைலுக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். வழியில் கோல்பர்னில் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் செம்மறிக் கடா நிற்கிறது. சின்னவனுக்கு இன்றுவரை கான்பரா என்றால் அந்தக் கடாதான்.

நகரின் வடக்கே, 'எபிக்' என்று எல்லோரும் சொல்லும் கண்காட்சி மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். ஜூலை மாதக் குளிர். காலையில் காபிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் சொட்டுக்கூட வரவில்லை. இரவெல்லாம் வெளியே கிடந்த ஹோஸ் உறைந்து விறைத்திருந்தது. பெரியவள் அதைத் தூக்கி வளைத்தாள். உள்ளே ஐஸ் நறநறவென்று நொறுங்கியது. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் விடாமல் வளைத்துத் தீர்த்தார்கள். கண்ணாடிக் குச்சி மாதிரி துண்டு துண்டாக ஐஸ் வெளியே விழுந்தது. அன்று எனக்குக் காபி கிடைக்க ஒன்பது மணி ஆனது.

வண்டியை அங்கிருந்து அசைக்கக்கூடாது என்பது என் கணவரின் தீர்மானம். சரியான தீர்மானம். அவ்வளவு நீள வண்டியோடு நாடாளுமன்ற வட்டாரத்தில் இடம் தேடி அலைய முடியாது. மைதானத்துக்கு எதிரிலேயே 2019 முதல் டிராம் ஓடுகிறது. நகர மையத்தில் இறங்கிப் பஸ் மாறினால் போதும். ஒரு நாளைக்கு ஒரே இடம், மதியம் திரும்பி வந்து ரசம் சாதம், தூக்கம். வீட்டைக் கூடவே கொண்டுபோவதில் இதுதான் லாபம்.

தேசிய அறிவியல் மையமான குவெஸ்டகானில் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு 'மினி கியூ' என்று தனிக் கூடம் உண்டு. சின்னவன் அதை விட்டு நகரவில்லை. பெரியவளுக்கு 'ஃப்ரீ ஃபால்' சறுக்கு. உச்சியில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கி, கையை விட வேண்டும். செங்குத்தாக விழுகிறவரை அடியில் வளையும் சரிவு ஏந்திக்கொள்ளும். அவள் தொங்கினாள், கையை விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. "அம்மா, நீ பாக்காதே. அப்பத்தான் விடுவேன்" என்று கத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொப்பென்று ஒரு சத்தம். நான் திரும்புவதற்குள் மறுபடி வரிசைக்கு ஓடிவிட்டாள்.

1988இல் திறந்த நாடாளுமன்றத்தைக் குன்றுக்குள் பதித்து, மேலே புல் போர்த்தியிருக்கிறார்கள். மக்கள் தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேலே நடக்கலாம் என்பது ஏற்பாடு. ஒரு காலத்தில் அந்தச் சரிவில் பிள்ளைகள் உருண்டு விளையாடினார்கள். 2017இல் பாதுகாப்பு வேலி வந்தது. புல்லில் உருண்ட குழந்தையால் அரசு கவிழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது சோதனை முடித்து லிஃப்டில் கூரைக்குப் போகலாம். 81 மீட்டர் கொடிக்கம்பத்தின் அடியில் நின்று, "நமக்குக் கீழதான் பிரதமர் இருக்காரா?" என்று மெதுவாகக் கேட்டாள் மகள்.

தேசியக் கலைக்கூடத்தில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. மாமியார் ஊர்ப்பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜரை இவர்கள் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். குட்டு வெளிப்பட்டதும், 2014இல் அப்போதைய பிரதமர் டோனி அபோட் டெல்லிக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தார். "திருட்டுச் சாமின்னு தெரியாமலா வாங்கினாங்க?" என்றாள் மகள். சரியாக விசாரிக்கவில்லை என்றேன். வாசலில் 2024இல் வைத்த லிண்டி லீயின் 'ஊரோபொரஸ்', தன் வாலைத் தானே விழுங்கும் எஃகுப் பாம்பு. அதன் வாய்க்குள் நடந்து போகலாம் என்றதும் நடராஜர் கதை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

கிளம்பும் நாளில்தான் வண்டியை எடுத்தோம், தேசிய மரப்பூங்காவுக்கு. 2003 காட்டுத்தீயில் கருகிய குன்றுகளில் உலகின் பல பகுதி மரங்களைத் தோப்புத் தோப்பாக நட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை இன்னும் இளமரங்கள். ராட்சத ஓக் கொட்டை வடிவத்தில் ஏறி விளையாடும் கூடுகளும் உண்டு. அங்கே அரை நாள் தாராளமாக ஓடிவிடும்.

போர் நினைவகத்தைத் தெரிந்தேதான் விட்டோம். மூன்று வயதுக்கு அங்கே வேலையில்லை. பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் குவெஸ்டகானுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது.