சக்கரத்தை இரண்டு தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். "பெரியப்பா, என் டிராயிங் காணாமப் போச்சு. ராத்திரி பூரா உக்காந்து போட்டது" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை காலேஜில் காட்ட வேண்டுமாம்.

ஸ்கிரீன் வெறும் கருப்பு. மவுஸின் நடுச் சக்கரத்தை இரண்டு தட்டு தட்டினேன். ஆட்டோகேடில் அப்படித் தட்டினால் உள்ளே இருப்பது எல்லாம் ஸ்கிரீனுக்குள் வந்தாக வேண்டும். அப்போதும் கருப்புதான். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தால், மேலே வலப்பக்கம் கடுகு மாதிரி ஒரு புள்ளி, கீழே இடப்பக்கம் இன்னொரு புள்ளி. மேலே இருப்பது அவளுடைய பிளான். கீழே இருப்பது ஒரு மரம்.

விஷயம் இதுதான். சர்வே செய்து வரும் படங்களில் இப்போது பெரும்பாலும் உலகக் கணக்கில் அளவு வரும். நம் அத்திப்பட்டு அந்தக் கணக்கில் கிழக்கே நாலு லட்சத்துச் சொச்சம் மீட்டர், வடக்கே பதினாலரை லட்சத்துச் சொச்சம் மீட்டர். இவள் வாசலில் வைக்க ஒரு மரத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். எங்கே வைப்பது என்று அது கேட்டபோது தூக்கக் கலக்கத்தில் எண்டரைத் தட்டிவிட்டாள். மரம் பூஜ்யம் கமா பூஜ்யத்தில் போய் நின்றுவிட்டது. அந்த இடம் எங்கே தெரியுமா? கன்னியாகுமரியைத் தாண்டி, கிட்டத்தட்ட நேர் தெற்கே, பூமத்திய ரேகையில், நடுக்கடல். அத்திப்பட்டிலிருந்து சுமார் 1500 கிலோமீட்டர். அந்த மரத்தையும் இவள் பிளானையும் ஒரே ஸ்கிரீனில் காட்டச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்!

மரத்தை அழித்துவிட்டு மறுபடி இரண்டு தட்டு. பிளான் ஸ்கிரீன் முழுக்க வந்து நின்றது. அழுத பெண் சிரித்தாள்.

(காணாமல் போவது என்றதும் நினைவுக்கு வருகிறது. 2001-ல் 'சிட்டிசன்' படம் வந்த பிறகு நான் எங்கே போய் ஊர் பேரைச் சொன்னாலும், "அந்த ஊர் இன்னும் இருக்கா சார்?" என்று கேட்பார்கள். அது அத்திப்பட்டி, எங்களுடையது அத்திப்பட்டு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.)

நான் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்த காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஏ-சீரோ தாள் 841 மில்லிக்கு 1189 மில்லி. 1:500 என்று போட்டால் 420 மீட்டருக்கு 594 மீட்டர் இடம் ஒரே தாளில் அடங்கும். கிட்டே போய்க் கோடு போடுவோம். இடுப்பு வலித்தால் நிமிர்ந்து நாலு அடி பின்னால் போவோம். அவ்வளவுதான், முழு சைட்டும் கண்ணில் விழுந்துவிடும். தப்பு இருந்தால் அப்போதே உறுத்தும். பிளேடால் டிரேசிங் தாளைச் சுரண்டிவிட்டு மறுபடி போடுவோம். அம்மோனியா பிரிண்ட் வாடை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

திருவொற்றியூர் பக்கம் நான் வேலை பார்த்த ஆபீசில் (பெயர் வேண்டாம்) கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு நாற்பது வயசு நெருங்கிவிட்டது. பதினாலு இன்ச் ஸ்கிரீன். ஏ-சீரோ தாளை அதில் பார்ப்பது சாவித்துவாரம் வழியாகக் கல்யாண மண்டபத்தைப் பார்ப்பது மாதிரி. மவுஸில் சக்கரம் கிடையாது. இசட் தட்டி, டபிள்யூ தட்டி, இரண்டு மூலையைக் காட்டினால் அந்தப் பெட்டி பெரிதாகும். இசட், பி என்றால் முன்னே பார்த்த இடத்துக்குத் திரும்பும், பத்து தடவை வரைக்கும். இசட், இ என்றால் முழுப்படம். ஆனால் பெரிய லேஅவுட்டில் அதைத் தட்டினால் மிஷின் ஒவ்வொரு கோடாகக் கணக்குப் போட்டு வரைந்து முடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் யாரும் இ தட்ட மாட்டோம். உள்ளேயே இருப்போம். மிஷின் வேகமான பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

எண்ணூர் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்த சமயம். சுற்றுவட்டாரத்தில் கிடங்கு, யார்டு என்று எங்களுக்கும் வேலை குவிந்தது. அதில் ஒரு கிடங்குக்கு மழைநீர் வடிகால் என் பொறுப்பு. நம் பக்கத்து நிலம் தாம்பாளம் மாதிரி, கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். வாட்டம் கொடுக்க இடமே இல்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்று எடுத்தோம். 600 மீட்டர் வடிகாலில் மொத்தச் சரிவே 60 சென்டிமீட்டர். 30 மீட்டருக்கு ஒரு சேம்பர், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 3 சென்டிமீட்டர் இறக்கம்.

பன்னிரண்டாவது சேம்பருக்கு அடிமட்டம் 1.520 வர வேண்டும். நான் 1.250 என்று அடித்திருந்தேன்.

சரிபார்க்காமல் அனுப்பவில்லை. ஒவ்வொரு சேம்பராகக் கிட்டே போய், எண்ணைப் படித்து, நகர்த்தி, அடுத்ததைப் பார்த்தேன். ஸ்கிரீனில் ஒரு நேரத்தில் ஒரு சேம்பர்தான் தெரியும். தனியாகப் பார்த்தால் 1.250-ல் என்ன குறை?

சைட்டில் ஒரு மேஸ்திரி இருந்தார், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ரப்பர் டியூபில் தண்ணீர் விட்டு லெவல் பார்ப்பார். ஒரு நாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "சார், பன்னெண்டாம் நம்பர்ல அரை முழம் பள்ளம் வருது. அங்கேர்ந்து தண்ணி எப்படி சார் மேல ஏறும்?" நான் அவர் முன்னாலேயே படத்தைத் திறந்தேன். பன்னிரண்டுக்குக் கிட்டே போனேன். "1.250-ன்னுதான் போட்டிருக்கு. டிராயிங் பிரகாரம் போடுங்க" என்றேன். பதினொன்றையும் பதின்மூன்றையும் பார்க்கவில்லை. "சரிங்க சார்" என்று போய்விட்டார்.

நவம்பர் மழையில் வடிகால் எதிர்ப்பக்கம் ததும்பியது. லேபர் ஷெட்டுகளில் முழங்கால் தண்ணீர். அரிசி, துணி, அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டை எல்லாம் போச்சு. பிறகு நடந்த மீட்டிங்கில், மேஸ்திரி லெவல் தப்பாக வைத்துவிட்டார், இடித்துக் கட்டும் செலவை அவர் பில்லில் பிடிக்கலாம் என்று முடிவானது. குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தது நான். அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் எண்ணூர் தாண்டியது தெரியவில்லை. மறுநாள் ஆபீஸ் திறக்குமுன் போய் நின்றேன். படத்தைத் திறந்து இசட், இ. பிறகு இருபது சேம்பரின் மட்டத்தையும் எடுத்து நீளவாக்கு வெட்டுப்படமாகப் போட்டேன், படுக்கையில் 1:1000, செங்குத்தில் 1:10. போர்டு காலத்தில் முதல் வேலையாக இதைத்தான் செய்திருப்பேன். கோடு அழகாக இறங்கி வந்து, பன்னிரண்டில் கிணறு மாதிரி விழுந்து, பதின்மூன்றில் 24 சென்டிமீட்டர் ஏறியது. பிரிண்ட் எடுத்துச் சீஃப் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். "இத நேத்து ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருஷ இன்கிரிமென்ட் போனது. மேஸ்திரி அதற்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள். முழுதுமா என்று நான் கேட்கவில்லை. அவரை அப்புறம் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை அரை மணிக்கு ஒரு தரம் வெளியே வந்து முழுப்படத்தையும் பார்ப்பேன். பையன்கள் "சார் காத்து வாங்க வெளிய போறாரு" என்று கிண்டல் செய்வார்கள்.

தம்பி மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அவள் பிளானிலும் தெருவரைக்கும் ஒரு வடிகால் போட்டிருந்தாள். "லெவலை மேலேர்ந்து படி" என்றேன். "அதெல்லாம் எங்க சார் பாக்க மாட்டாரு பெரியப்பா" என்றாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு இழுத்து வைத்துக்கொண்டேன். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, நான் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.