லங்காவிக்குப் போய்த் திரும்பினோம்



"கல்யாண நாளுக்குக் கப்பல் பயணமா? வாத்தியாருக்கு நம்பர் அடித்துவிட்டதா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எங்கள் தோட்டத்துக் கடைக்காரரும் அப்படித்தான் கேட்டார். பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையில் மாடி வீடுபோல் வந்து நிற்கிறதே, அந்த மாதிரிக் கப்பல் இல்லை ஐயா. கோலக் கெடாவிலிருந்து லங்காவித் தீவுக்குப் போகும் பெர்ரிதான். ஆளுக்கு ஐம்பது வெள்ளிக்குள் அக்கரை சேர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கடலைத் தாண்ட எங்களுக்கு இருபது வருஷம் பிடித்தது. அந்தக் கதையோடுதான் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியும்.

என் மனைவி பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அவளை வளர்த்தது அவளுடைய பாட்டி. அந்தப் பாட்டி 1937-ல், எட்டு வயதுப் பிள்ளையாக, கங்காணி கூட்டி வந்த குடும்பத்தோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர். மறு ஆண்டே, 1938-ல், கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்பும் முறையை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் என் மனைவி காவிரிக் கரையில் பிறந்திருப்பாள். எனக்கு வேறு யாராவது வாய்த்திருப்பார்கள்!

ரஜூலா 1926-ல் கட்டிய கப்பல். 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது ஒருவர் நிச்சயம் அந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். மேல்தட்டில் பாயை விரித்துக்கொண்டு, ஆடு மாடுபோல் நெருக்கிப் படுத்து ஒரு வாரம் வர வேண்டும். பாட்டியின் தம்பி பத்து மாதக் குழந்தை. ஐந்தாம் நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டது. கப்பலில் வைத்திருக்க முடியுமா? துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள். பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இருந்த நாளெல்லாம் தன் அம்மாவின் சேலை பாலில் நனைந்துகொண்டே இருந்தது என்று பாட்டி சொல்வாராம். அழுதாரா என்று கேட்டால் பதில் வராதாம். அந்த நனைந்த சேலையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாராம்.

அதற்குப் பிறகு பாட்டி கடலைத் தொடவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகத் தோட்டமே பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறும். பாட்டி மட்டும் லயத்தில் தங்கிவிடுவார். 1985-ல் பினாங்குப் பாலம் திறந்தபிறகுதான் அவர் தண்ணீர்மலை முருகனைப் பார்த்தார். அதுவும் பஸ் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் கடல் மீன் கிடையாது. ஆற்றுக் கெளுத்தி, குளத்து விரால், அவ்வளவுதான். அந்தச் சட்டம் சீதனத்தோடு சேர்ந்து என் வீட்டுக்கும் வந்தது. நெத்திலிச் சம்பல் தின்ன வேண்டுமென்றால் நான் பள்ளிக்கூடத்துச் சிற்றுண்டிச் சாலைக்குத்தான் போக வேண்டும்.

எங்களுக்கு 2004 தை மாதம் கல்யாணம். முதல் கல்யாண நாளுக்கு லங்காவி போவோம் என்று புது மாப்பிள்ளை வீறாப்பில் நான் சொல்லிவிட்டேன். அவளும் பாட்டிக்குத் தெரியாமல் அரை மனசோடு தலையாட்டினாள். அந்த டிசம்பர் 26-ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுனாமி நம் நாட்டில் 68 பேரைக் கொண்டுபோனது. நம் கெடாவில் கோத்தா கோல மூடாவில் வீடுகள் நொறுங்கின. லங்காவியிலும் கோல தெரியாங் பக்கம் தண்ணீர் ஏறியது. பாட்டி எங்களைத் திட்டவில்லை. "அது போன ஆளைத் திருப்பித் தராது" என்று மட்டும் சொன்னார். அதோடு லங்காவிப் பேச்சு முடிந்தது.

2011-ல் பாட்டி காலமானார். பிள்ளைகள் வளர்ந்தார்கள், வீட்டுக் கடன் வந்தது, கோவிட் வந்து போனது. 2024 தையில் இருபதாவது கல்யாண நாள். இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடியே அவளாகச் சொன்னாள்: "போவோமாங்க, லங்காவிக்கு?"

எனக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

நம் கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் கிளம்பினோம். சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டாருக்கு பஸ்ஸிலும் வரலாம். அங்கிருந்து கோலக் கெடா ஏழெட்டுக் கட்டைதான். இருபுறமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல். ஆற்று முகத்தில் 1780-ல் கட்டி முடித்த பழைய கோட்டை இருக்கிறது. 1821-ல் சயாம் படை கெடாவைப் பிடித்தபோது அடி வாங்கிய இடம். கோலக் கெடா லக்சாவும் பேர்போனது. வயிறு புரட்டும் என்ற பயத்தில் அவள் வாயில் வைக்கவில்லை. அவளுடையதையும் நானே சாப்பிட்டேன்.

டிக்கெட் முகப்பில் இருந்த மலாய்ப் பெண், "பெர்கி பாலிக்?" என்று கேட்டாள். நான் பணப்பையை எடுப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டு, "பாலிக், பாலிக்!" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போக வர இரண்டுக்குமான சீட்டை வாங்கி, கைப்பையின் உள் அறையில் வைத்து, இரண்டு தடவை திறந்து பார்த்துக்கொண்டாள்.

பெர்ரியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பல் என்றதும் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். உள்ளே பஸ்போல் வரிசையாக நாற்காலி, மூடிய கண்ணாடி, பல் கிட்டும் குளிர். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம் போல ஆகும். சால்வையோ தடித்த சட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அல்லது பின்னால் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. தை, மாசியில் கடல் சாதுவாக இருக்கும். ஆகஸ்டு தொடங்கி அக்டோபர்வரை மழையும் காற்றும் அதிகம்.

ஆற்று முகத்தைத் தாண்டியதும் தெற்கே நம் ஜெராய் மலை தெரிந்தது. தினமும் பால்மரக் காட்டிலிருந்தும் செம்பனைக் காட்டிலிருந்தும் பார்க்கிற அதே மலைதான். 1,217 மீட்டர் உயரம். ஆனால் கடலில் இருந்து பார்த்தால் அது வேறு மலை. சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்பதால், அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? இதுதான் கடாரம், இந்த மலையைப் பார்த்துத்தான் தமிழ் வணிகர்கள் கரை பிடித்தார்கள், 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை இங்கே வந்தது, பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "ராஜா கப்பல்ல வந்தாரு, திரும்பிப் போனாரு. எங்க பாட்டி கப்பல்ல வந்தாங்க. போகலை" என்றாள். அதற்கு மேல் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை.

குவா துறையில் பெரிய செங்கழுகுச் சிலை வரவேற்கிறது. 'ஹெலாங்' என்றால் கழுகு. தீவின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். 99 தீவுகளின் கூட்டம் இது. கடல் வற்றினால் 104 என்று கணக்குச் சொல்கிறார்கள். வடமேற்கில் உள்ள மாட் சின்சாங் மலைப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள்! நம் நாட்டிலேயே பழைய பாறைகள். 2007-ல் யுனெஸ்கோ இத்தீவுகளைப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தது. மலை உச்சிக்குக் கம்பி வண்டி போகிறது. கட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இருந்தே கும்பிட்டுவிட்டு வந்தோம். சுற்றிப் பார்க்க வாடகைக் கார்தான் வசதி. இரண்டு குடும்பமாகப் போனால் செலவு பங்காகும்.

1987 தொடங்கி லங்காவி வரியில்லாத் தீவு. சாக்லெட்டும் பீங்கான் தட்டும் மலிவு என்று பெண்கள் கடை கடையாய் ஏறுகிறார்கள். போத்தலும் மலிவு. ஆண் வாசகர்களே, அந்த மலிவை நம்பி ஊர் பார்க்காமல் அறைக்குள்ளேயே விழுந்து கிடந்த இரண்டு பேரை நாங்கள் தங்கிய விடுதியில் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை காலை மசூரியின் சமாதிக்குப் போனோம். கணவன் போருக்குப் போயிருந்தபோது நடத்தை கெட்டவள் என்று பழி சுமத்தி, அந்த அப்பாவிப் பெண்ணைக் கிரிஸ் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வெள்ளை ரத்தம் வந்ததாம். ஏழு தலைமுறைக்கு இத்தீவு உருப்படாது என்று சபித்துவிட்டுச் செத்தாளாம். சில ஆண்டுகளில் சயாம் படை வந்தது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று ஊரார் நெல்லைக் குவித்துக் கொளுத்தினார்கள். பாடாங் மாட்சிராட் என்ற அந்த இடத்தில் மழை பெய்தால் இன்றும் கருகிய அரிசி மேலே வரும் என்கிறார்கள். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லயத்துப் பேச்சுதான்! தண்ணிக் குழாயடியில நாலு பேர் ஆரம்பிச்சிருப்பாங்க" என்றாள்.

மத்தியானம் படகில் மூன்று தீவு பார்க்கும் பயணம். பெர்ரியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் இது சின்ன விசைப்படகு, கைநீட்டினால் தண்ணீர். பாதுகாப்புச் சட்டையின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏறியதும் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. கல்யாண மேடையில்கூட அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை.

முதலில் டாயாங் பூந்திங் தீவு. சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து உண்டான ஏரி. கடலுக்கு அருகிலேயே நல்ல தண்ணீர். பிள்ளையில்லாதவர்கள் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்கும் என்பது ஐதீகம். "முகம்கூடக் கழுவ வேண்டாம், மூணு போதும்" என்று சொல்லிவிட்டாள். படியில் காத்திருந்த குரங்கொன்று எங்கள் முறுக்குப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அங்கே பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். பிறகு சிங்கா பெசார் தீவின் ஓரம் கழுகுகள் வட்டமிட்டு இறங்குவதைப் பார்த்தோம்.

கடைசியாக ஒரு வெண்மணல் தீவில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று படகோட்டி போய்விட்டார். மற்றவர்கள் குளிக்க ஓடினார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போய்க் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. முடிச்சில் ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் சர்க்கரையும் இருந்தன.

"இந்தக் கடல்தானா அது?" என்று கேட்டாள்.

குழந்தையை இறக்கிய இடம் இங்கிருந்து எவ்வளவு தூரமோ, யார் கண்டது? "தண்ணி எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றேன்.

முழங்கால்வரை இறங்கினாள். சேலை நனைவதைப் பார்க்கவில்லை. அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். அலை அதைக் கரைக்குக் கொண்டு வந்து போட்டது; பிறகு இழுத்துக்கொண்டு போனது. பேர் சொல்லிக் கும்பிட வேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. "தம்பித் தாத்தா" என்று மட்டும் சொன்னாள். பத்து மாதக் குழந்தையைத் தாத்தா என்று அவள் கூப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கரையில் வந்து உட்கார்ந்தபிறகு, "இந்தத் தீவு பேர் என்னங்க?" என்று கேட்டாள். பலகையைப் பார்த்தேன். பூலாவ் பெராஸ் பாசா. நனைந்த அரிசித் தீவு. படித்துச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படகு வரும்வரை இருவரும் பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானப் பெர்ரியில் திரும்பினோம். இந்தத் தடவை அவள் உள்ளே உட்காரவில்லை. பின் கதவுப் பக்கம், காற்று வரும் இடத்தில் நின்றுகொண்டாள். வெகுநேரம் கழித்து, நீல மேகம்போல் ஜெராய் தெரிந்தது. "பாட்டி எட்டு வயசுல பார்த்தப்பவும் இப்படித்தான் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். தெரிந்திருக்கும் என்றேன்.

கோலக் கெடாவில் இறங்கிக் கார் இருக்கும் இடத்துக்கு நடந்தோம். வழியில் மீன் சந்தை. நான் வழக்கம்போல் மூக்கைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். இருபது வருஷப் பழக்கம். பின்னால் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் ஒரு மீன்காரரிடம் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு வெள்ளி குறைத்துக் கொடுத்தார். அரைக் கிலோ கெம்போங் மீனைப் பையில் வாங்கிக்கொண்டு வந்து, என்னைக் கேட்டாள்:

"வீட்டுல புளி இருக்குதுங்களா?"