ஒத்து வந்தால் போதுமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். ஆங்கிலச் சொற்கள் என்னை அடிக்கடி தடுமாற வைக்கும். அவற்றுள் இரண்டு, ‘அக்யூரசி’, ‘பிரிசிஷன்’. இரண்டுக்கும் ‘துல்லியம்’ என்பதே பொருள் என்று வெகுநாள் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது வேதியியல் செய்முறை வகுப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தரம் பார்த்தேன். மூன்று முறையும் பியூரெட் 18.4 மில்லி லிட்டரே காட்டியது. முழு மதிப்பெண் நிச்சயம் என்று பூரித்துப் போனேன். ஆசிரியரோ விடையைச் சிவப்பு மையால் அடித்தார்.

“மூன்றும் ஒத்து வந்தனவே, சார்!” என்றேன்.

“ஒத்து வருவது பிரிசிஷன். உண்மைக்கு அருகில் வருவதுதான் அக்யூரசி. குடுவையில் குறிக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டிருக்கிறாய். இனி முந்நூறு முறை பார்த்தாலும் இதே தவறுதான் வரும்” என்றார்.

அந்த விடுமுறையில் அப்பாவுடன் நிலக்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்குச் சென்றேன். “நல்ல தராசு தம்பி. ஒரு மூட்டையை எத்தனை தடவை வைத்தாலும் அதே எடைதான் காட்டும்” என்றார் அப்பா. எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குக் கொண்டுபோக வாங்கியிருந்த, தையல் பிரிக்காத யூரியா மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தேன். மூட்டையில் அச்சிட்டிருந்தது 45 கிலோ. தராசு காட்டியது 43. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் 43!

மூட்டைக்கு 2 கிலோ என்றால், நாங்கள் கொண்டுபோன 20 மூட்டைக்கு 40 கிலோ. முழுதாக ஒரு மூட்டைக் கடலை!

நான் வாய் திறப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “முன்பணம் வாங்கியிருக்கிறோம் தம்பி” என்றார் மெல்ல. வழியெல்லாம் அவர் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், “எத்தனை வருஷமாகவோ அதே தராசு” என்றார்.

இவ்வாண்டு முன்பணம் வாங்கவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. கடலை, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போயிற்று.

நண்பர்களே! தேர்வில் இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு கேட்டால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். எங்கள் வீட்டில் அதன் மதிப்பு ஒரு மூட்டைக் கடலை. என்றும் ஒரே மாதிரி இருப்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதை அப்பாவும் நானும் சேர்ந்தே படித்தோம்.