குரல் போன பிறகு

"கட்டியை முழுசா எடுத்தாச்சு, இனி பயமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டால் கதை சுபமாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தொண்டைப் புற்றுநோய் வந்தவருக்கோ அங்கேதான் இன்னொரு கதை ஆரம்பிக்கிறது.

பழைய ஆங்கிலப் படங்கள் பார்ப்பவர்களுக்கு ஜாக் ஹாக்கின்ஸைத் தெரிந்திருக்கும். 'பென்ஹர்' (1959), 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படங்களில் நடித்த பிரிட்டிஷ் நடிகர். கம்பீரமான குரல்தான் அவருடைய முதல். சிகரெட் பழக்கம் அதிகம். புற்றுநோய் வந்து 1966-ல் அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது.

குரல்வளையை எடுத்துவிட்டால் கழுத்தின் முன்பக்கம் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. மூக்கு வழியே காற்று போகாததால் வாசனை சரியாகத் தெரியாது, சாப்பாட்டின் ருசியும் குறையும். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட முடியாது. ஆபரேஷன் இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் எடுத்துக்கொண்டவர்களிலும் பலருக்கு உமிழ்நீர் வற்றிப்போய், ஒரு பிடி சோற்றை விழுங்குவதே பெரும்பாடாகிவிடும்.

ஹாக்கின்ஸ் சும்மா இருந்துவிடவில்லை. காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, அதைத் திரும்ப வெளியே விட்டுப் பேசக் கற்றுக்கொண்டார். தொடர்ந்து நடித்தார், படங்களில் அவருக்கு வேறு நடிகர்கள் குரல் கொடுத்தார்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் ஐந்து வருடக் கணக்கு ஒன்று உண்டு. சிகிச்சைக்குப் பின் ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் வெற்றி என்று எழுதிக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் ஹாக்கின்ஸ் ஜெயித்தவர். அப்படியிருந்தும் 1973-ல், செயற்கைக் குரல் கருவி பொருத்தும் பரிசோதனை ஆபரேஷன் ஒன்றைச் செய்துகொண்டார். ரத்தக்கசிவு ஏற்பட்டு அந்த ஜூலையில் இறந்துபோனார். வயது 62.

இது நடிகருக்கு மட்டும் உள்ள ஆசையா? இல்லை. 1981-ல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமாக இருந்த 37 பேரிடம், தீயணைப்பு வீரர்களும் நிர்வாக அதிகாரிகளுமாக, இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பிழைக்கும் வாய்ப்பு குறைந்தாலும் பரவாயில்லை, குரலைக் காப்பாற்றும் கதிர்வீச்சே போதும் என்று சுமார் ஐந்தில் ஒருவர் தேர்ந்தெடுத்தார்கள்.

டாக்டர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். 1991-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 332 நோயாளிகள். ஒரு பாதிக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும்; மறு பாதிக்கு முதலில் கீமோதெரபி, பிறகு கதிர்வீச்சு. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 68 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையும் மிஞ்சியது!

குரல்வளையை இழந்தவர்களுக்கு 1980-ல் ப்ளோம், சிங்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு வழி கண்டார்கள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன வால்வு. கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு பேசலாம். ஹாக்கின்ஸ் இறந்து ஏழு வருடம் கழித்து வந்தது இது. ஆனால் வால்வு தேய்ந்துபோகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் விலை. பணம் இல்லாதவருக்குப் பேச்சும் இல்லை என்ற நிலை. பெங்களூரு டாக்டர் விஷால் ராவ் சுமார் 50 ரூபாய்க்கு 'ஓம்' என்ற வால்வை உருவாக்கியது இதனால்தான் பெரிய விஷயம்.

எத்தனை வருடம் வாழ்வார் என்று கேட்கும் குடும்பம், பேச முடியுமா, விழுங்க முடியுமா, அதற்கு என்ன பயிற்சி உண்டு என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்றும் செய்யலாம். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நேரமாகும். நடுவில் புகுந்து நாமே முடித்துவிடாமல், அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கலாம். அதற்கு 50 ரூபாய்கூடத் தேவையில்லை.