ஒரு நூல் தள்ளித் தைங்க!

ஃப்ரெண்ட்ஸ், உங்க க்ளாஸ்ல இருபது பேரைக் கூப்பிட்டு, 'ஆளுக்கொரு சதுரம், பக்கத்துக்கு 12½ இன்ச், துணியில தைச்சுட்டு வாங்க'ன்னு சொல்லிப் பாருங்க. இருபதும் இருபது சைஸ்ல வரும். சத்தியமா! தையல் தெரிஞ்சவங்க தைச்சாலும் அப்படித்தான்.

நான் எம்.எஸ். மெக்கானிக்கல் படிக்க அமெரிக்காவின் ஒஹையோவுக்குப் போனப்ப, தங்கியிருந்த ஊர்ல வியாழக்கிழமைதோறும் ஒரு தையல் குழு கூடும். கிழிஞ்ச பேக்கைத் தைக்க மெஷின் கிடைக்குமான்னு போனவன், அங்கேயே ஒட்டிக்கிட்டேன். (டீயும் கேக்கும் ஃப்ரீ என்பது உபரித் தகவல்!) அவங்க செய்றது 'க்வில்ட்'. மேலே ஒட்டுத் துணி, நடுவுல பஞ்சு, கீழே ஒரு துணி... மூணையும் சேர்த்துத் தைச்ச போர்வை. நம்ம பாட்டிங்க பழைய புடவையை அடுக்கித் தைப்பாங்களே, அதுக்குத் தூரத்துச் சொந்தம். 1840-கள்லயே அந்த நாட்டுப் பெண்கள், மேற்கே குடிபோகிற தோழிக்கு ஆளுக்கொரு சதுரத்துல தங்கள் பேரை எழுதி, இணைச்சுக் கொடுத்து அனுப்பியிருக்காங்க.

நாங்க தைச்சது குழுவுல இருந்த ஒருத்தங்களுக்காக. கீமோதெரபி ஆரம்பிச்சிருந்தாங்க. மணிக்கணக்கா மருந்து ஏறும்போது குளிரும், மடியில போட்டுக்க ஏதாவது வேணும். கையில இருந்தது மூணே வாரம். இருபது பிளாக்... குறுக்கே நாலு, நெடுக்கே அஞ்சு. இடையிலயும் சுத்தியும் ரெண்டு இன்ச் பட்டை. மொத்தம் 58-க்கு 72 இன்ச். இணைக்கிற வேலை என் தலையில. 'நீ எஞ்சினீயர்தானே?' இதுக்கு மேல காரணம் வேணுமா!

இந்த விளையாட்டுல எல்லாமே கால் இன்ச்தான். விளிம்புல இருந்து கால் இன்ச் விட்டுத் தைக்கணும். 12½ பிளாக், நாலு பக்கமும் இணைச்சதும் 12 ஆகும். நம்ம ஊர் தச்சர் கணக்குல ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். தையல் ஒரே ஒரு நூல் உள்ளே போச்சுன்னு வைங்க, ரெண்டு துணியிலயும் சேர்த்து கால் இன்ச் அவுட். ஒரு வரிசைக்கு நாலு துண்டு, மூணு தையல்... ஆக, முக்கால் இன்ச் காலி! 'டாலரன்ஸ் ஸ்டாக்-அப்'னு செமஸ்டர் பூரா மண்டையை உடைச்சுக்கறோமே, அதேதான் பாஸ்.

ஒரு நூல் வித்தியாசம்னா குண்டூசி குத்தி, இழுத்துப் பிடிச்சுத் தைச்சுடலாம். ஆனா, 11¾ இன்ச்ல ஒண்ணு வந்தது. குழுவிலேயே மூத்த பாட்டி தைச்சது. எனக்கு மெஷின் மிதிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். பார்வை மங்கிக்கிட்டு வருது.

'வேற ஒண்ணு தைச்சு வெச்சுடலாம், அவங்களுக்குத் தெரியவா போகுது?'ன்னாங்க சிலர். எனக்கு மனசு ஒப்பலை. இருபது பேர் தைச்சதுன்னு சொல்லிக் கொடுக்கிற போர்வையில பத்தொன்பது பேர்தான் இருக்காங்கன்னா, அது பொய் இல்லையா?

சின்ன பிளாக்கைச் சுத்தி மெல்லிசா ஒரு பட்டை கொடுத்து, அளவுக்கு வெட்டிக்கிறது வழக்கமான வைத்தியம். ஆனா ஒண்ணுக்கு மட்டும் கொடுத்தா, கட்டுப் போட்ட விரல் மாதிரி தனியா துருத்திக்கிட்டு நிக்கும்.

அதனால, இன்னும் மூணு பிளாக்கைப் பிரிச்சோம். ஒண்ணு என்னோடது. எல்லாத் தையலையும் ஒரு நூல் உள்ளே தள்ளி, வேணும்னே தைச்சோம். சும்மா சொல்லக்கூடாது, சரியா தைக்கிறதைவிட இது கஷ்டம். கை தானா கால் இன்ச்சுக்கே ஓடுது! ராத்திரி பதினோரு மணிக்கு அளந்தா, மூணும் 11¾. நாலுக்கும் ஒரே நீலப் பட்டை, ஆளுக்கொரு மூலை.

முடிஞ்சதும் பெரிய மேஜையில விரிச்சோம். பாட்டி வந்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய், துணியைத் தடவிக்கிட்டே சுத்தி வந்தாங்க. இடதுபக்கக் கீழ் மூலையில கை நின்னுது.

"இது என்னோடது" என்றார். அப்புறம் மத்த மூணு மூலையையும் தொட்டுப் பார்த்துட்டு, "இதெல்லாம் எதுக்கு?"

யாரும் வாயைத் திறக்கலை. நான் இஸ்திரிப் பெட்டி சூடாயிடுச்சான்னு பார்க்கப் போயிட்டேன்.