வாசிகசாலையிற் கத்தரி வெருளி

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் மறைந்தார். அவர் பாடிய கத்தரித் தோட்டத்து வெருளியோ இன்றும் எம் மாணவரைச் சிரிக்கவைக்கின்றது. அப்பாட்டு அடங்கிய நூல் எம் வீட்டிலும் இருந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு அது போயிற்று. நூல் போயினும் அம்மம்மா பாட்டை விட்டாரல்லர். தென்மராட்சியில் ஒரு கொட்டிலில், விளக்குமின்றி, எமக்குச் சொல்லித் தந்தார்.

இப்பொழுது வெள்ளிதோறும் கல்லூரி வாசிகசாலையிற் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு நூல்களை உரக்க வாசித்து வருகின்றோம். கையிற் கொடுத்த நூலை மூடிவைப்போரும், வாசிக்கக் கேட்டால் மணியடித்த பின்னும் எழார். பழைய மாணவர் அனுப்பும் நூற்பொதிகளுக்கு நன்றியுடையோம். பொதியோடு தாமும் வந்து ஒருநாள் வாசிப்பாராயின் அதனினும் மகிழ்வோம். கனடாவிலிருந்து வந்த அன்பர் ஒருவர் வெருளியைப் பாடத் தொடங்கி, இடையில் அடி மறந்து நின்றார். மூன்றாம் வகுப்புச் சிறுவன் எடுத்துக் கொடுத்தான்.